பச்சைப் பொத்தான்

முப்பத்தொரு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் நான். அப்போதெல்லாம் வாயைத் திறக்காத முட்டி, மொட்டை மாடியில் கருவாடு காயப்போட்ட அன்று, பூனையை விரட்டத் திரும்பியபோது 'டக்' என்றது. பூனை கருவாட்டோடு போய்விட்டது. நான் படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கி வந்தேன்.

கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மகன் கூட்டிப்போனான். டாக்டர் மிருதுளா என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். அன்றைக்கு என்னுடையதைப் போல நாற்பது முட்டிகளைத் திருப்பிப் பார்த்திருப்பார், பாவம்.

"ஜவ்வு கிழிஞ்சு உள்ள மடங்கி மாட்டிக்கிட்டிருக்கும்மா. ரெண்டு சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு, கிழிஞ்சத மட்டும் நறுக்கி எடுத்துடலாம். இருவது நிமிஷ வேலை. முட்டிக்கு மட்டும் மரத்துப் போற மருந்து. முழிச்சுக்கிட்டே டிவில பாக்கலாம். சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

"மருந்து யாரு குடுப்பாங்க டாக்டர்? மயக்க டாக்டர் இருப்பாங்களா?"

"முட்டிக்கெல்லாம் அவங்க வர்றதில்லம்மா. பெரிய ஆபரேஷனுக்கே அவங்க பத்தல. பொட்டிதான்."

"பொட்டி வேணாமே."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்றாங்க." அவர் சிரிக்க முயன்றார், பாதியிலேயே கொட்டாவி வந்துவிட்டது. "தொடையில ஒரு பட்டை கட்டுவோம். நரம்புல வலி எவ்வளவு ஓடுதுன்னு பொட்டி அதுல படிச்சுக்கும். பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் நம்பர் காட்டும். மூணத் தாண்டுச்சுன்னா தானாவே முட்டிக்குள்ள மருந்து விடும். தாண்டலேன்னா விடாது. அந்த மருந்து ஜாஸ்தியாப் போனா இதயத்துக்கு ஆபத்தும்மா. அதனால நாமளா கை வைக்கிறதில்ல. வலிய நம்மளவிட அதுக்கு நல்லாத் தெரியும்."

"அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அதெல்லாம் இருவது வருஷத்துக்கு முன்னாடி. மலையில ஏதோ ஒரு எஸ்டேட்ல, அறுநூறு பேர வெச்சு. ரொம்பக் கம்மி மருந்துல ரொம்ப நல்ல பலன். நாங்க காலேஜ்ல படிச்சிருக்கோம்."

அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் என்று வாய்க்குள் திருத்திக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. வெளியே இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

*

ஆபரேஷன் அன்று காலை ஒன்பது மணிக்கே பச்சை கவுனை மாட்டிவிட்டு, தியேட்டருக்கு வெளியே உள்ள அறையில் படுக்க வைத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். தோளும் கையும் கயிறு திரித்தாற்போல் இருந்தன. கைக்குட்டை ஒன்றை நாலாக மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தாள்.

"ஆன்ட்டி, எந்தக் காலு?"

இந்த வயதில் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டவளுக்கு ஆயுசு கெட்டி. "எடது காலு, கண்ணு. உனக்கு?"

"வலது. எடது ஆறு மாசத்துக்கு முன்னாடியே முடிஞ்சுது. நிவேதிகா. ஒட்டன்சத்திரம். கபடி."

"ஓ, புடிக்கிறவளா, பாடிப் போறவளா?"

"ரெய்டர்! பாடிப் போறவ. மாவட்ட டீம்." சொல்லும்போதே முகம் சுருங்கியது. "போனேன். இப்ப பெஞ்சு."

"முட்டியாலயா?"

"பொட்டியால." கைக்குட்டையை மறுபடி மடித்தாள். "மூணு பேரு மேல விழுந்து அமுக்கினாலும் கோட்டைத் தொட்டுட்டு வர்றவ ஆன்ட்டி நான். அதுக்கெல்லாம் கத்தினதே இல்ல. போன தடவை அந்த டேபிள்ல கத்துனேன். தொண்டை போச்சு. பொட்டி பாத்தா ஒண்ணே முக்கால்னு காட்டுது. மூணுக்குக் கம்மின்னா வலி இல்லைன்னு அர்த்தமாம். வலி இல்லாம கத்துனா அதுக்குப் பேரு பயமாம். காகிதத்துல 'பயம்'னு அடிச்சு வருது. அது கோச் கைக்குப் போயிருச்சு. பயந்தவள எவன் ரெய்டுக்கு அனுப்புவான்?"

"இதே டாக்டரம்மாவா?"

"இவங்கதான். நல்லவங்க. ஆனா மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, நம்பரத்தான் பாப்பாங்க. நான் கத்துறேன், ஜவ்வ நறுக்குற அந்த ஷேவர் மிஷின் ர்ர்ர்னு ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு செகண்டு நிக்கல ஆன்ட்டி. ஒரு செகண்டு." கைக்குட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இன்னைக்கும் பயம்னு வந்துச்சுன்னா பேரை எடுத்துருவாங்க. அதான் முடிவு பண்ணிட்டேன். இதை வாயில வெச்சுக் கடிச்சுக்கிறது. ஒரு சத்தம் வராது."

எனக்கு அந்தத் துணியைப் பார்க்க முடியவில்லை. வேறு துணிகள் கண்ணுக்குள் வந்தன. சேலை முந்தானை, தலையில் கட்டும் துண்டு, ஒருத்தி கொண்டுவந்த குழந்தைச் சட்டை.

"அதுல ஒரு பொம்பளக் கொரல் வரும், கேட்டிருக்கீங்களா?" அவள் விடவில்லை. "ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா, 'வலிக்குதாம்மா?'ன்னு. தேன் தடவின மாதிரி. அவ மட்டும் என் கையில கெடச்சா..."

"என்ன பண்ணுவ?"

"கால வாரி, நடுக்கோடு வரைக்கும் தரையில இழுத்துட்டுப் போவேன்."

சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும்தான் இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது என்று தெரிந்தது.

"இழுத்துக்கோ கண்ணு. அது நான்தான்."

*

பொள்ளாச்சியில் இருந்து பஸ் ஏறினால் நாற்பது வளைவு. அதற்கும் மேலே தேன்காடு எஸ்டேட். கம்பெனி நடத்திய பத்துக் கட்டில் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். எமில்டா சிஸ்டர் என்றால் மலை முழுக்கத் தெரியும். கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு முட்டிதான் முதலில் போகும். சரிவில் மழைச் சேற்றில் முதுகுச் சுமையோடு கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் திரும்பினால் ஜவ்வு கிழிந்துவிடும். நொண்டிக்கொண்டே பறிப்பார்கள்.

டாக்டர் மதிவாணன் மலைக்கு வந்தது அதற்காகத்தான். நல்ல மனுஷன். கேமரா வைத்து முட்டி ஆபரேஷன் செய்யத் தெரியும். ஆனால் மயக்க டாக்டர் எவரும் நாற்பது வளைவு ஏறி வரத் தயாரில்லை. அப்போதுதான் அந்தப் பொட்டி வந்தது. அன்றைக்கு அது பச்சைக் குழந்தை. நரம்பில் ஓடுவது தெரியும்; அதில் எது வலி, எது வலி இல்லை என்று தெரியாது.

"நாமதான் சொல்லிக் குடுக்கணும் எமில்டா," என்றார் டாக்டர். "நீங்க தலைமாட்டுல உக்காந்து கேளுங்க. வலிக்குதுன்னு சொன்னா சிவப்பு பட்டன். இல்லைன்னு சொன்னா பச்சை. ஒவ்வொரு பச்சைக்கும் அடுத்த ஆளுக்கு ஒரு துளி மருந்தக் குறைச்சுப் பாக்கும். சிவப்பு வந்தா ஏத்திக்கும். எவ்வளவு கம்மியா குடுத்தாப் போதும்னு அதுவே புடிச்சுக்கும். ஒண்ணு மட்டும், அவங்க வாயால என்ன சொல்றாங்களோ அதைத்தான் அமுக்கணும். நம்ம சொந்த நெனப்பு கூடாது."

முதல் ஆள் சிந்தாமணி. நாற்பது வயது. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்லீங்க சிஸ்டர்."

போர்வைக்கு வெளியே அவளுடைய இன்னொரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்யாத கால். அதன் ஐந்து விரலும் உள்ளே மடங்கி, நகம் வெளுத்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. சிவப்பை அமுக்கினேன். மருந்து இறங்கியது. விரல்கள் விரிந்தன. நல்லது செய்தோம் என்று மூன்று வாரம் நிம்மதியாக இருந்தேன்.

ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாம் எஸ்டேட் ஆபீசுக்குத்தான் போகும். சிந்தாமணியின் காகிதத்தில் 'வலி உண்டு' என்று சிவப்பில் இருந்தது. வலி இருக்கிறவள் சரிவில் ஏறக்கூடாது என்று வேலையில் இருந்து நிறுத்தினார்கள். மலையில் லைன் வீடு எஸ்டேட்டுடையது. வீட்டில் ஒருத்தர் கொழுந்து பறிக்கிறவரைதான் அந்த ஒற்றை அறை நமக்கு. அவள் புருஷன் ஏற்கெனவே இல்லை. ஒரு வியாழக்கிழமை, ரெண்டு பெட்டியும் ஒரு தையல் மிஷினுமாகப் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். நான் டூட்டிக்கு அந்த வழியாகத்தான் போனேன்.

"நான் இல்லைன்னுதானே சொன்னேன் சிஸ்டர்?" என்றாள். கோபம்கூட இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள்.

அதற்கப்புறம் சிவப்பை நான் தொட்டதே இல்லை. வருகிறவள் ஒவ்வொருத்திக்கும் சிந்தாமணி கதை தெரியும். கேட்கும் முன்பே "வலிக்கலீங்க" என்பார்கள். பச்சை. ஒரு துளி குறையும். அடுத்தவள் இன்னும் கொஞ்சம் இறுக்கமாகக் கடிப்பாள். "வலிக்கலீங்க." பச்சை. இன்னும் ஒரு துளி. ஒருத்தி ஆபரேஷன் முடிந்ததும் என் கையைப் பிடித்து, "நல்லாச் சொன்னேனா சிஸ்டர்?" என்றாள். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி.

டாக்டர் மதிவாணனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பாருங்க எமில்டா, ஊர்ல குடுக்கிறதுல மூணுல ஒரு பங்கு மருந்து! ஒருத்தர்கூட வலிக்குதுன்னு சொல்லல!" மனுஷன் கேமராவைப் பார்ப்பாரே தவிர காலைப் பார்க்கமாட்டார். சொல்லியிருக்கலாம். சொன்னால் காகிதம் எல்லாம் சிவப்பாகும். எத்தனை பேரைப் பஸ் ஸ்டாப்பில் நிறுத்துவது? நாலு வருஷம். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரே ஒரு சிவப்பு. போகும்போது பொட்டிக் கம்பெனிக்காரர்கள் என் குரலையும் பதிந்து எடுத்துக்கொண்டு போனார்கள், மக்களுக்குப் பழகின குரலாக இருக்கிறதென்று.

*

நிவேதிகா மடித்த கைக்குட்டையைப் பிரித்து மடியில் போட்டாள்.

"அந்த சிந்தாமணி அக்கா என்ன ஆனாங்க?"

"பொள்ளாச்சிப் பக்கம் தேங்கா நார் கம்பெனில இருக்கறதா கேள்விப்பட்டேன்."

"போய்ப் பாக்கலையா?"

"என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

"இருவது வருஷமா எத்தனை பேரு அந்த டேபிள்ல படுத்திருப்பாங்க..." எண்ணிப் பார்க்க முயன்று விட்டுவிட்டாள். "நீங்க கெட்டது நெனச்சு பண்ணல. அதான் ஆன்ட்டி எரிச்சலா இருக்கு. கெட்டவளா இருந்தா திட்டியாவது தீத்துக்கலாம்."

"திட்டு. பரவால்ல."

"டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க. இன்னைக்கே. எனக்கு முன்னாடி நீங்கதானே போறீங்க?"

"சொல்றேன்."

"சத்தியமா?"

பதில் சொல்வதற்குள் ட்ராலி வந்துவிட்டது.

*

தியேட்டரில் எல்லாம் பழையபடிதான். அதே குளிர், அதே மருந்து வாசம். பொட்டி மட்டும் மெலிந்து அழகாகிவிட்டது. தொடையில் பட்டையைக் கட்டினார்கள். முட்டியைச் சுற்றி ஊசிகள். எறும்பு கடித்த மாதிரி நாலைந்து இடம், பிறகு கனமாக ஒரு மரப்பு. டாக்டர் மிருதுளா கையுறையைப் போட்டபடி வந்தார்.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும். இந்தப் பொட்டி தப்பாப் படிச்சிருக்கு."

"அம்மா, நீங்க இன்னைக்கு எட்டாவது கேஸ். இன்னும் ஆறு பேர் இருக்காங்க. எதுவானாலும் முடிஞ்சதும் பேசலாமா?" கடுமையாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். அந்தக் களைப்பு எனக்குத் தெரியும். அதிலேயேதான் நானும் முப்பத்தொரு வருஷம் குடியிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

டிவியில் என் முட்டி தெரிந்தது. தண்ணீருக்கடியில் வெள்ளை வெளேரென்று பாறை போல எலும்பு. நடுவில் நார் நாராக ஜவ்வு ஆடியது. அழகாகத்தான் இருந்தது. ஷேவர் ஓட ஆரம்பித்தது. முன்பக்கம் வரை ஒன்றும் இல்லை. பின்பக்கம் போனதும், முட்டிக்குள் யாரோ துருப்பிடித்த பூட்டில் சாவியை விட்டுத் திருகினது போல் இருந்தது.

"வலிக்குதாம்மா?"

பொட்டி கேட்டது. நாற்பத்தைந்து வயது எமில்டா. பதில் இன்னதென்று தெரிந்துகொண்டே கேட்கிற குரல். நானே இவ்வளவு நாள் கவனிக்கவில்லை, அதில் எவ்வளவு அவசரம் இருக்கிறதென்று.

"வலிக்குது," என்றேன்.

திரையில் ஒன்று புள்ளி ஆறு. பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் 'பயம்' என்று வந்து நின்றது.

"கொஞ்சம்தாம்மா. மூச்ச இழுத்து விடுங்க," என்றார் டாக்டர் திரையைப் பார்த்தபடி. ர்ர்ர் என்று ஓடிக்கொண்டே இருந்தது.

"டாக்டர், நம்பரப் பாக்காதீங்க. வலது காலப் பாருங்க."

"வலது காலா? அதுல ஒண்ணும் பண்ணலையேம்மா."

"அதனாலதான். ஊசி போடாத காலு பொய் சொல்லாது. போர்வைய எடுக்கச் சொல்லுங்க."

தியேட்டர் நர்ஸ் சுகந்தி என்ற பெண், டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார். போர்வை விலகியது. படுத்திருந்த என் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் பாதம் முழுக்கச் சுளுக்கிப் பிடித்திருப்பது உணர்வில் இருந்தது. ஐந்து விரலும் மடங்கி, நகம் வெளுத்துத்தான் இருந்திருக்கும்.

"யாரும்மா நீங்க?"

அந்த நேரம் பார்த்து ரெண்டு நிமிஷம் ஆகிவிட்டது. பொட்டி வாயைத் திறந்தது. "வலிக்குதாம்மா?"

"வலிக்குதாம்மா?" என்றேன் நானும், அதே இழுப்பில், அதே அவசரத்தில்.

சுகந்தி பொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஷேவர் நின்றது.

"தேன்காடு எஸ்டேட் நர்ஸ் டாக்டர். எமில்டா. பொட்டிக்கு வலின்னா என்னன்னு சொல்லிக் குடுத்தவ. அறுநூத்துப் பன்னண்டு பேரு பல்லக் கடிச்சுக்கிட்டு வலிக்கலன்னு சொன்னாங்க. வலிக்குதுன்னா வீடு போயிடும். ஒருத்திக்குத் தவிர எல்லாத்துக்கும் பச்சைய அமுக்கினேன். அதைத்தான் அது பாடமாப் படிச்சிருக்கு. அது காட்டுற ஒண்ணு புள்ளி ஆறு, ஒண்ணு புள்ளி ஆறு இல்ல டாக்டர்."

முட்டிக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்.

"போன எட்டு வருஷத்துல நான் பண்ணின முட்டியெல்லாம்..." என்று தொடங்கிய டாக்டர் முடிக்கவில்லை. முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும், சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

"சுகந்தி, பொட்டியோட மருந்துக் குழாய் சீலை உடை. கையால குடுக்கறேன்."

"பொட்டி காரணம் கேக்குது டாக்டர். மின்தடை, குழாய் அடைப்பு, ஒவ்வாமை, மத்த மிஷின் கோளாறு. நாலுதான் இருக்கு."

"குழாய் அடைப்புன்னு போடு."

ஊசியில் மருந்தை எடுத்து, எவ்வளவு போகலாம் என்று வாய்விட்டுக் கணக்குப் பார்த்து, முட்டிக்குள் மெல்ல விட்டார். "வாயோரம் மரத்துப்போற மாதிரி இருக்கா? காதுல ரீங்காரம்?" மருந்து கூடிப்போனதற்கு அடையாளம் அவை; இல்லை என்றேன். அது உண்மை. ரெண்டு நிமிஷம் காத்திருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். வெளியே ஆறு பேர். இந்த டாக்டர் பெண் காலையில் ஏதாவது சாப்பிட்டிருப்பாளா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி ஷேவர் பின்பக்கம் போனது.

"இப்ப வலிக்குதா சிஸ்டர்?" என்று கேட்டார் டாக்டர். அம்மாவில் இருந்து சிஸ்டர் ஆகிவிட்டேன்.

"இல்ல டாக்டர். வலிக்கல."

பொட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அறுநூற்றுப் பதிமூன்றாவது ஆள் நான்.

ஷேவர் ஓடவில்லை. டாக்டர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. கட்டிலின் அந்தக் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், பெருவிரல் மடங்கியிருக்கு."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உங்களுக்கு நேரமாகுதேன்னு..." என்றேன்.

"எனக்கு நேரமாகுதுன்னா?" ஷேவரை வெளியே எடுத்தார். "இவ்வளவையும் சொல்லிட்டு, நீங்களுமா?"

"வாயில தானா வந்துடுச்சு டாக்டர்."

இன்னும் கொஞ்சம் மருந்து போட்டார். இன்னும் மூன்று நிமிஷம் காத்திருந்தார். இந்த முறை கேட்கவே இல்லை. விரல் விரிகிறவரை பார்த்துவிட்டு, அப்புறம்தான் கை வைத்தார்.

*

வெளியே வரும்போது நிவேதிகாவின் ட்ராலி எதிரே வந்தது. ரெண்டையும் ஒரு நிமிஷம் பக்கத்தில் நிறுத்தினார்கள். கைக்குட்டை அவள் முஷ்டிக்குள் இருந்தது.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நம்புனாங்களா?"

"நெனக்கிறேன். அந்தத் துணிய என்கிட்ட குடுத்துட்டுப் போ."

அவள் தரவில்லை. "உங்களுக்கு என்ன ஆன்ட்டி, வீட்டுக்குப் போயிடுவீங்க. எனக்கு இன்னொரு 'பயம்' வந்தா முடிஞ்சுது."

"நீ கடிச்சுக்கிட்டா, பொட்டி இதையும் பச்சைன்னுதான் எடுத்துக்கும், அடுத்த ஆளுக்கு இன்னும் கொஞ்சம் குறைக்கும். உனக்கு அடுத்து அஞ்சு பேர் வர்றாங்க."

"கத்துனா டீம்ல வெச்சுப்பாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?"

முடியாது. சிந்தாமணிக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அவள் என்னைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். ட்ராலி உள்ளே போய்விட்டது. கைக்குட்டையும் போய்விட்டது.

தியேட்டர் கதவுக்கு வெளியே, சுவரோரம் என் கட்டிலை விட்டிருந்தார்கள். மகன் வந்து தண்ணீர் கொடுத்தான். "எப்படிம்மா இருக்கு?" என்றான். "பரவால்ல" என்று சொல்ல வாய் எடுத்து, நிறுத்தி, "வலிக்குதுடா" என்றேன். அவன் பயந்துபோய் நர்ஸைத் தேடி ஓடினான்.

கதவுக்குள் ஷேவர் ஓட ஆரம்பித்தது. ர்ர்ர். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை என் குரல், "வலிக்குதாம்மா?" பதில் இல்லை. மறுபடி ர்ர்ர். மறுபடி நான். பதில் இல்லை. அந்தப் பதில் இல்லாததை நான் நாலு வருஷம் கேட்டிருக்கிறேன். அதற்குள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதாம்மா?"

"ஆமாடி! வலிக்குது! உயிரு போகுது!"

கதவே அதிர்ந்தது. நடைபாதையில் போன ரெண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

ஷேவர் சத்தம் நின்றது.

ஒரு செகண்டு இல்லை. ரெண்டு செகண்டு இல்லை. நின்றே போனது.

உள்ளே யாரோ மெல்லப் பேசுவது கேட்டது. சுகந்தியின் குரல்: "சீல் உடைச்சுட்டேன் டாக்டர். காரணம்? மறுபடியும் குழாய் அடைப்புன்னே போட்டுடவா?"

"வேணாம். பேஷன்ட்டுக்கு வலிச்சுதுன்னு போடு."

"அப்படி ஒண்ணு இதுல இல்லையே டாக்டர்."

"பேனா இருக்கில்ல? காகிதத்துல எழுது. 'பயம்'னு அடிச்சிருக்கும், அதைக் கோடு போட்டு அடிச்சுட்டு மேலயே எழுது. கீழ என் பேரப் போடு. கோச்சுக்கு அந்தக் காகிதம்தான் போகணும்."

அப்புறம் கொஞ்சம் இருமல், மூக்கை உறிஞ்சும் சத்தம், நிவேதிகா எதையோ கேட்பது, டாக்டர் சிரிப்பது. அந்த டாக்டர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

ரெண்டு நிமிஷம் ஆனது. பொட்டி வழக்கம்போல் கேட்டது, "வலிக்குதாம்மா?"

"இருடி," என்றாள் உள்ளே இருந்தவள். "இன்னும் மருந்து வேலை செய்யல. சொல்றேன்."

யாரும் அவசரப்படவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நானும் காத்திருந்தேன்.